ஒரு மண்டலம் உப்பில்லாமல்

டபராவுக்குள் டம்ளர் கடகடவென்று ஆடும் சத்தம்தான் முதலில் என் காதில் விழுந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். சூடு தாங்காமல் கை மாற்றுகிறார் என்று நினைத்து, "பொறுமையாக் குடிங்க, என்ன அவசரம்?" என்றேன். வெளியே வந்து பார்த்தால் அவசரம் எதுவும் இல்லை. என் கணவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆட்டம் அடங்குவதற்காகக் காத்திருந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நான் அன்றே பயந்திருக்க வேண்டும். பயந்தேன்தான், ஆனால் தப்பான பக்கம் பார்த்துப் பயந்தேன். உங்கள் வீட்டில் ஒருவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். பேசியே ஆக வேண்டிய ஒரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் பெயர் சண்முகவேல். நாங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகி, மண் வெட்டும் ராட்சத மெஷினில் ஆபரேட்டராக இருந்தார். எங்கள் ஒரே மகள் ஊரில் என் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்தாள். எண்பதுகளின் தொடக்கம் அது. டவுன்ஷிப்பில் எங்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ், பின்னால் கொஞ்சம் தோட்டம், ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும் சங்கு. மூன்று சங்கை வைத்தே எங்கள் நாள் ஓடியது.

நோய் வந்தது ஒரு தை மாதத்தில். காலை ஷிப்டு முடித்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் முருங்கைக் கிளைகளை வெட்டி நட ஆரம்பித்தார். எங்கள் தோட்டத்தில் இடம் தீர்ந்ததும் பக்கத்து வீட்டுத் தோட்டம், அதற்கடுத்த வீடு என்று அந்த வரிசை முழுக்க நட்டுக்கொண்டே போனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நான்கு நாள் அவர் தூங்கவே இல்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். அதை இறைக்க பம்புகள் இரவு பகலாக ஓடும். ஓடாவிட்டால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும் என்பார்கள். அந்த பம்புகளையெல்லாம் நிறுத்திவிடலாம், நான் தண்ணீரிடம் பேசிக்கொள்கிறேன் என்று இவர் ஆபீசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் ஜீப்பில் உட்கார வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள்.

மேனியா (மனம் அளவு மீறிப் பொங்கி, தூக்கமும் நிதானமும் போய்விடும் நிலை) என்றார்கள். ஊசி போட்டு அடக்கிய பிறகு, அப்படியே எதிர்ப்பக்கம் விழுந்தார். இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குளிக்க வைக்கவே ஒரு பாடு. அந்த இரண்டு மாதத்தையும் நான் எப்படிக் கடந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து மாதம் ஒருமுறை மனநல டாக்டர் ஒருவர் வருவார். இளவயதுக்காரர், நிறுத்திப் பேசுவார். அவர்தான் லித்தியம் (மனம் பொங்குவதையும் சரிவதையும் தடுக்கும் ஒரு வகை உப்பு) எழுதிக் கொடுத்தார்.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. தண்ணி நல்லாக் குடிக்கணும். சாப்பாடு எப்பவும்போல இருக்கணும், உப்பைக் குறைக்கக் கூடாது. மாசாமாசம் ரத்தம் எடுத்து மருந்து அளவு பாக்கணும். கூடினா ஆபத்து" என்றார்.

"எத்தனை மாசம் சாப்பிடணும் டாக்டர்?"

"மாசக் கணக்குச் சொல்ல முடியாது. வருஷக்கணக்குல ஆகலாம். ஆயுசுக்கும்கூட இருக்கலாம்."

நான் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தேன். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிப் படியிலேயே உதிர்ந்துவிட்டது.

மாத்திரை வேலை செய்தது. அதை நான் மறைக்கக் கூடாது. ஐந்தாறு வாரத்தில் என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்தார். சினிமாவுக்குக் கூட்டிப்போனார், பண்ருட்டிச் சந்தையிலிருந்து பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு மாதம் லைட் டியூட்டி பார்த்துவிட்டு மெஷினுக்கே போனார். "நம்ம மைன்ஸ் பம்ப் மாதிரிதான், பாக்கியம், இந்த மாத்திரை. ஓடிக்கிட்டே இருக்கணும்" என்பார். அவருக்கு அதில் வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் எனக்குத்தான்.

மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். வீடு தேடி வந்து விசாரிக்க சிஸ்டர் பிலோமினா என்ற நர்ஸ் வருவார். அவர் சைக்கிளில் பிளாக் பிளாக்காகப் போய்த் தடுப்பூசி போடுபவர். மனநோய்க்காரர் வீடு என்று தெரியக் கூடாது என்பதற்காக, எங்கள் வீட்டுக்கும் அந்தத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வருவார். கைக்குழந்தையே இல்லாத வீட்டுக்கு மாதாமாதம் என்ன ஊசி என்று பக்கத்து வீட்டு அஞ்சலை கேட்டாள். அவள் இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரி. சுரங்கத்துக்கு நிலம் போய், புருஷனுக்குக் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டின் அவுட்ஹவுஸில் குடியிருந்தாள். எனக்கு சத்து ஊசி என்று சொல்லிவைத்தேன்.

மகளுக்குப் பதினாறு வயது முடிந்தது. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள், அப்பாவுக்கு என்ன மாத்திரை என்று கேட்டால் என்ன சொல்வது? ஆயுசுக்கும் மாத்திரை என்ற பேச்சே எனக்கு ஆகவில்லை. மறு வருஷம் சித்திரை பிறந்ததும் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், நாங்கள் இரண்டு பேரும் உப்பில்லாமல் சாப்பிடுகிறோம். முடிந்ததும் அவருக்கு மாத்திரை இல்லாமல் செய்துவிடு.

டாக்டர் உப்பைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஞாபகம் இருந்தது. உப்பைக் குறைப்பது பிரஷர்காரர்கள் செய்வது, இது சாமிக்குச் செய்வது, இரண்டும் ஒன்றாகுமா என்று நினைத்தேன். பத்தியம் வேறு, விரதம் வேறு என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் அவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. விரத நாளில் ரத்தம் சிந்தக் கூடாது என்று நானாக ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன். அந்த மாதம் சிஸ்டர் வந்து ரத்தம் எடுக்கக் கூப்பிட்டபோது, "ஷிப்டு மாறிடுச்சு சிஸ்டர், அடுத்த மாசம் வர்றோம்" என்றேன்.

"சாப்பாடெல்லாம் எப்பவும்போலதானே?"

"அதுக்கென்ன குறைச்சல் சிஸ்டர், எல்லாம் எப்பவும்போலதான்."

வாய் கூசாமல் சொன்னேன்.

டம்ளர் ஆடியது விரதம் தொடங்கிப் பத்தாம் நாள். தாகம் தாகம் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அடிக்கடி ஒன்றுக்குப் போனார். அக்கினி வெயில், சுரங்கக் குழிக்குள் கேட்கவா வேண்டும் என்று இருந்துவிட்டேன். கை நடுக்கம்தான் என்னைத் தின்றது. பழைய நோய் வேறு வேஷத்தில் திரும்பி வருகிறதோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தூங்குகிறாரா, பேச்சு கூடுகிறதா, முருங்கை மரத்தைப் பார்க்கிறாரா. பேச்சு கூடவில்லை, குறைந்துகொண்டே வந்தது.

இரண்டு மூன்று நாள் நடுக்கம் கொஞ்சம் விட்டது. நான் நிம்மதியாக இருந்தேன். பத்தொன்பதாம் நாள் சாப்பிடும்போது அவரே சொன்னார்.

"பாக்கியம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மைன்ஸ்ல வெயிலுக்கு மோர் ஊத்துறாங்க. மூணு நாளா வாங்கிக் குடிச்சேன்."

"உப்புப் போட்ட மோரா?"

"உப்புப் போட்டதுதான். உப்பு மாத்திரையும் குடுத்தாங்க, அதை வாங்கலை."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. நாக்கைக் கட்டத் தெரியாத மனுஷன், ஒரு டம்ளர் மோருக்காகச் சாமி காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்று அரை மணி நேரம் திட்டினேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. பத்தொன்பது நாளும் கணக்கில் இல்லை, மறுநாளிலிருந்து திரும்பவும் முதல் நாள் என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றார். சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இனி மோர் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார்.

இரண்டாவது கணக்கில் ஏழாம் நாள், தோசையைப் பிய்க்க முடியவில்லை. எட்டாம் நாள் வாந்தி. பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு. நடக்கும்போது காலை அகட்டி அகட்டி வைத்தார். அஞ்சலை வேலிப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, அண்ணன் கை இப்படி ஆடிக்கினே இருக்குது? காலும் நிலையா நிக்கலியே. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயேன்" என்றாள்.

"வெயில் சூடுதான்" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் ஷிப்டுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். நாக்குக் குழறியது. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக நினைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "வாசனை ஒண்ணும் வரலைங்க. ஆனா நிக்கவே முடியலை. கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஆயுசில் ஒரு பீடி குடிக்காதவர் என் கணவர். அந்த அவமானத்தில்கூட எனக்கு மாத்திரை ஞாபகம் வரவில்லை. நேரம் தவறாமல் அன்றைக்கும் மாத்திரை கொடுத்தேன்.

பதினான்காம் நாள் மத்தியானம், இரண்டாவது ஷிப்டு சங்கு ஊதியபோது சோறு போட்டு எழுப்பினேன். கண் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. கன்னமும் தோளும் தானாகத் துள்ளின. "ஏங்க, ஏங்க" என்று உலுக்கினேன். என் பெயரைச் சொல்லப் பார்த்தார், பாதி எழுத்துகூட வரவில்லை. அஞ்சலைதான் தெருவுக்கு ஓடி, போகிற ஜீப்பை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பார்த்தார்கள். ஜுரம் இல்லை. தலையில் அடி இல்லை. லித்தியம் சாப்பிடுகிறார் என்றதும் டியூட்டி டாக்டர் முகம் மாறியது.

"அளவுக்கு மேல சாப்பிட்டுட்டாராம்மா? தெரியாம டப்பாவோட எடுத்து முழுங்கிட்டாரா?"

"இல்ல சார். நான்தான் எடுத்துக் குடுக்குறேன். எண்ணித்தான் குடுக்குறேன்."

"மருந்து அளவு பாக்க ரத்தம் வெளியூர் போய் வரணும். அதுவரைக்கும் இவர் தாங்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாண்டிச்சேரி டாக்டருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் பச்சைத் திரை. அதற்குப் பின்னால் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. இழுத்து விட்டது, நின்றது, மறுபடி இழுத்தது. விரதம் இன்னும் முப்பத்தி நான்கு நாள் பாக்கி இருக்கிறது, அதுவரை அம்மன் அவரைக் கொண்டு போக மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அஞ்சலை தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தாள். சிஸ்டர் பிலோமினாவும் செய்தி கேட்டு வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒரு வாய் குடிக்கா. நேத்துலருந்து ஒண்ணும் துன்னலியே நீ."

"உப்புப் போட்டியா அஞ்சலை?"

"உப்பு போடாம கஞ்சி எப்படிக்கா எறங்கும்?"

"அப்ப வேணாம். எடுத்துட்டுப் போ."

சிஸ்டர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "ஏன், உனக்குப் பிரஷரா?"

"இல்ல சிஸ்டர்."

"பின்ன?"

சொன்னால் பலிக்காது என்ற பயம் அப்போதும் என்னை விடவில்லை. சிஸ்டர் என் தோளைப் பிடித்தார். "பாக்கியம், அவரும் உப்பில்லாமத்தான் சாப்பிடுறாரா? எத்தனை நாளா?"

"முப்பத்திமூணு நாள்" என்றேன். "நடுவுல மூணு நாள் மோர் குடிச்சுட்டார்."

வெள்ளைச் செருப்போடு அந்தப் பெண் வராந்தாவில் ஓடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நர்ஸுகள் ஓடி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவர் கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சலைன் (நரம்பு வழியாக ஏற்றும் உப்புத் தண்ணீர்) என்றார் சிஸ்டர். நான் பார்த்துப் பார்த்து நிறுத்திய உப்பு, சொட்டுச் சொட்டாக அவருக்குள் திரும்பிப் போனது. நான் அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

பாண்டிச்சேரி டாக்டர் சாயங்காலம் காரில் வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உடம்புக்கு உப்புக் கிடைக்கலைன்னா, சிறுநீரகம் லித்தியத்தையும் உப்புன்னு நினைச்சு வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும்மா. வேர்வை வேற, வயிறு வேற போயிருக்கு. நீங்க குடுத்தது சரியான அளவுதான். அதெல்லாம் வெளிய போகாம உள்ளேயே சேர்ந்துடுச்சு."

"பிழைச்சிடுவாரா?"

"பிழைப்பார்னு நினைக்கிறேன். எப்படிப் பிழைப்பார்னு இப்பச் சொல்ல முடியாது."

ஐந்தாம் நாள் கண் விழித்து என்னைப் பார்த்தார். எட்டாம் நாள் பேசினார். வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சேற்றிலிருந்து கால் எடுப்பதுபோல வந்தன. நான் எல்லாவற்றையும் சொல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"மோர் குடிச்ச அன்னைக்கு... நல்லா இருந்துச்சு பாக்கியம். கை ஆடலை. அதைத்தான்... அன்னைக்கு சொல்ல வந்தேன்."

நான் அவரைப் பேச விடவில்லை. அரை மணி நேரம் நான்தான் பேசினேன்.

சிறுமூளை (நடையையும் கையின் நிதானத்தையும் பேச்சையும் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி) அடி வாங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் என்றார். நடை திரும்பியது, கொஞ்சம் அகட்டிய நடையாக. பேச்சு முக்கால்வாசி. கை திரும்பவில்லை. மெஷினில் ஏற மறுபடி அவரை விடவில்லை, விடவும் கூடாது. ஸ்டோர்ஸில் உட்கார வேலை கொடுத்தார்கள். லித்தியத்தை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார் டாக்டர். அதுவும் ஆயுசுக்கும்தான். அரிசி டிரம்மில் இருந்த டப்பாவை எடுத்துச் சமையலறை ஜன்னலில், தெருவுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன்.

மகளுக்குக் கல்யாணம் ஆனது. கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். ஒரு வரன் எழுந்து போனது. அடுத்த வரன் உட்கார்ந்து சாப்பிட்டது.

ஒரு வருஷம் கழித்து சிஸ்டர் என்னைத் தன்னோடு வரக் கூப்பிட்டார். மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீடுகளுக்கு, டவுன்ஷிப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும், அவரோடு போக ஆரம்பித்தேன். தடுப்பூசிப் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் சிஸ்டர் என்று நான்தான் சொன்னேன். மேல்பட்டாம்பாக்கம் போகிற வழியில் ஒரு வீடு. மகனுக்கு லித்தியம். கரும்பு வெட்டுகிற பையன், நல்ல வெயில். அம்மாக்காரி வாசலிலேயே நின்று, "எல்லாம் எப்பவும்போலதாங்க" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் கேட்காமல் அடுப்படிக்குள் போனேன், குழம்புச் சட்டியைத் திறந்தேன், கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே செய்தேன்.

இன்றைக்கும் சமைக்கும்போது என் நாக்கை நான் நம்புவதில்லை. உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். யாராவது தாகம் என்றால் அவர்கள் விரலைப் பார்ப்பேன். சங்கு ஊதினால் மற்றவர்கள் மணி சொல்வார்கள், எனக்கு இரண்டாவது ஷிப்டு சங்கென்றால் இன்னும் அந்தப் பதினான்காம் நாள்தான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் உப்பை அவரே எடுத்து வைத்துக்கொள்வார். நான் வைக்கக் கூடாது என்பது அவர் சொல்லாமலே வந்த ஏற்பாடு. உப்புச் சட்டியில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுப்பார். தட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பாதி தரையிலும் வேட்டியிலும் சிந்திவிடும். மறுபடி எடுப்பார். ஆரம்பத்தில் நான் கையை நீட்டியிருக்கிறேன். இப்போது நீட்டுவதில்லை. சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று, அவர் கை தட்டுக்கு வந்து சேரும்வரை என் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

"ம், சாப்பிடு" என்பார்.

அதற்குப் பிறகுதான் சாப்பிடுவேன்.